கலியாணக் கருவாடு

கண்டல்தீவு
07.10.2024

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் றவூப் மச்சானும் சுகம்தானே? உம்மாவின் முழங்கால் எப்படி?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன முறை கதைத்தபோது நீங்கள் கத்தினீர்கள், நான் அழுதேன், உம்மா போனைப் பறித்து "ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார். அதோடு இந்தத் தீவில் சிக்னல் இருப்பது துறையில் கவிழ்த்துப் போட்ட ஒரு தோணியின் முதுகில் மட்டும்தான். புது டீச்சர் தோணியில் ஏறி நின்று அழுகிறாள் என்று ஊரே பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே எழுத்தில் சண்டை பிடிப்போம். கற்பிட்டியிலிருந்து ஐஸ் ஏற்றி வருகிற மீராசாஹிப் நானாவின் போட்டில் கடிதம் வந்து போகும்.

"அரச நியமனம், கண்ண மூடிட்டுப் போ" என்றீர்கள். மூடிக்கொண்டுதான் வந்தேன். திறந்து பார்த்தால் ஒரே ஒரு மண்டபம், அதற்குள் ஐந்து வகுப்பு. அதிபர் ஹயாத்து முகம்மது சேர், நான், சேருடைய ஆடுகள். இதில் ஆடுகள்தான் நேரத்துக்கு வருகின்றன. பிள்ளைகள் விடிய முதல் கரைவலை இழுக்கப் போய்விட்டு எட்டரைக்கு வருகிறார்கள், ஒன்பதுக்கு மேசையில் தலையை வைத்துத் தூங்குகிறார்கள். மூன்றாம் தர வகுப்புப் பிள்ளைக்கு 'ஆ' தெரியாது. சேரிடம் சொன்னால் "பாப்பம், பாப்பம்" என்கிறார். எதைப் பார்ப்பார், எப்போது பார்ப்பார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தது ஆட்டை விரட்டவா? என்னை இங்கே அனுப்பியது நீங்கள். மூன்று மாதத்துக்குள் திருப்பி எடுப்பதும் உங்கள் பொறுப்பு.

வஸ்ஸலாம்.
கோபத்துடன், ஷிம்லா


புத்தளம்
13.10.2024

தங்கச்சி ஷிம்லாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்கால் உன் கடிதத்தை வாசித்த பிறகு கூடுதலாக வலிக்கிறதாம்.

உன்னோடு பட்டம் எடுத்தவர்கள் எத்தனை பேர் இன்னும் வீட்டில் இருந்து பேப்பர் பார்க்கிறார்கள் தெரியுமா? நியமனம் கையில் கிடைத்தவள் ஆட்டைப் பற்றி எழுதுகிறாய். இருந்தாலும் சொல்லிவிட்டாய், இனி என் பாடு. வலயக் கல்வி அலுவலகத்தில் மச்சானுக்குத் தெரிந்த ஒரு சேர் இருக்கிறார். நாளையிலிருந்து அலையத் தொடங்குகிறேன். நீ யாரோடும் கொழுவிச் சண்டை பிடிக்காமல் இரு, அது போதும்.

'ஆ' தெரியாத பிள்ளைக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டிப் பிரயோசனமில்லை. அதுகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கு. தோணிகளில் பெயர் எழுதியிருக்கும்தானே. கரைக்குக் கூட்டிப் போய் அதிலிருந்து எழுத்தைப் பொறுக்கச் சொல்.

இத்துடன் ஆறு கைத்தறிச் சாரி அனுப்புகிறேன். மலிவு விற்பனையில் போட்டிருந்தார்கள். அபாயாவோடு நின்றால் உன்னையும் ஒரு பெரிய பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். சாரி உடுத்து நில். வெயிலில் குடை இல்லாமல் திரியாதே, கறுத்துப் போவாய். சாரிச் சட்டை அளவு மாறியிருந்தால் எழுது.

துஆவுடன், ராத்தா பஸீஹா


கண்டல்தீவு
28.10.2024

அன்பின் ராத்தா,

ஸலாம். காய்ச்சல் வந்து போய்விட்டது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆச் செய்கிறேன், கோபம் இருந்தாலும்.

கொழுவாதே என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர முதலே கொழுவிவிட்டேன். ஏழரைக்குப் பள்ளிக்கூடக் கேற்றைப் பூட்டினேன். பிந்தி வந்த பதினைந்து பிள்ளைகளையும் "நாளைக்கு நேரத்தோட வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் பதினைந்து உம்மாமாரும் கேற்றடிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரி ஜுனைதா மாமி. காலையில் எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தவரே அவர்தான்.

"டீச்சர், வல கரைக்கு வந்தாத்தான் எங்களுக்குச் சோறு. நீங்க மணியடிச்சா மீன் கேக்குமா?" என்றார்.

சேரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் தோற்றேன். இப்போது பள்ளிக்கூடம் வலை வந்த பிறகு தொடங்கி, பகல் சோற்றுக்குப் பிறகும் நடக்கிறது. அதிகப்படி நேரம் என்னுடையது. சேர் "பாப்பம்" என்று தலையாட்டினார்.

தோணி விசயம். சொல்ல எரிச்சலாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன். ஜுனைதா மாமியின் மகள் சிபானா, மூன்றாம் தரம், ஒரு மாதமாக 'ஆ' வராமல் என் உயிரை எடுத்தவள். கரைக்குக் கூட்டிப் போனேன். 'ஆமினா' என்று எழுதிய தோணியைக் காட்டி முதல் எழுத்து என்ன என்றேன். "இது எங்கட தோணிட எழுத்து டீச்சர், எனக்குத் தெரியும்" என்கிறாள்! அன்றைக்கே 'ஆடு' எழுதினாள். இரண்டாம் நாள் சேருடைய ஆட்டின் முதுகில் கரித்துண்டால் எழுதி வைத்தாள்.

இதை நீங்கள் எங்கே படித்தீர்கள்? நானும் எத்தனையோ புத்தகம் வாசித்தேன், ஒன்றிலும் இல்லை.

சாரி கிடைத்தது. என்ன மலிவு விற்பனை அது? எல்லாம் பூச்சி உருண்டை வாசம், கரையெல்லாம் பழைய மாதிரி. நீலக்கரை போட்டது மட்டும் வடிவு.

இடமாற்றம் என்னவாயிற்று?

ஷிம்லா


புத்தளம்
05.11.2024

தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

பழைய சாரி உடுக்க வெட்கமென்றால் திருப்பி அனுப்பு. நூல் நல்ல நூல்.

அலுவலகத்துக்கு நான்கு தரம் போய்விட்டேன். ஒரு நாள் சேர் கூட்டத்தில், ஒரு நாள் லீவில், ஒரு நாள் சாப்பாட்டில். நான்காம் நாள் பிடித்துவிட்டேன். "முதல் நியமனம், மூணு வருசம் அசையேலா. ஏதும் தகுந்த காரணம் ஈக்கா?" என்று கேட்டார். ஆடு என்றா சொல்வது? "கலியாணம் முடிவாகியீக்கு சேர், மாப்பிள்ள வீடு புத்தளம் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் உடனே மலர்ந்துவிட்டது. "அப்ப எழுதிக் குடுங்க" என்றார். கொடுத்தேன்.

நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை. யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேசாமல் இரு. உன்னுடைய ஒரு போட்டோவை மீராசாஹிப் நானாவிடம் கொடுத்தனுப்பு. முகம் தெளிவாக விழுந்த ஒன்று. அலுவலகத்துக்குத்தான்.

குடை பிடிக்கிறாயா?

ராத்தா


கண்டல்தீவு
19.11.2024

ராத்தா,

ஸலாம். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உம்மாவுக்கு மட்டும் என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் சொன்ன பொய் அலுவலகத்திலேயே கிடக்கும் என்று நினைத்தீர்களா? உங்கள் கடிதம் வந்த அதே போட்டில் செய்தியும் வந்துவிட்டது. நான் கடிதத்தை உடைக்க முதலே துறையில் நின்ற பெண்கள் "கலியாண முபாரக், டீச்சர்" என்கிறார்கள். சிரித்துவிட்டுப் பேசாமல் இரு என்றீர்கள். சிரித்தேன். வெட்கப்படுகிறாள் என்று சொல்லி இன்னும் இரண்டு பேர் கட்டிப்பிடித்தார்கள்.

இந்தத் தீவில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்குக் கலியாணம் என்றால் ஒவ்வொரு வீடும் தன் வலையில் வந்த முதல் பெரிய மீனைப் பிளந்து, உப்புப் போட்டுக் காயவைத்து, அவள் பெயரில் சேர்க்கும். விற்கமாட்டார்கள், தின்னமாட்டார்கள், அது கலியாண வீட்டுக் குசினியில் சமைக்க. ஜுனைதா மாமியின் வீட்டுக்கு முன்னால் என் பெயரில் ஒரு பந்தல் போட்டாயிற்று. அறுக்குளாவும் கட்டாவும் தொங்குகின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இல்லாத என் கலியாணம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கீழே இருந்துதான் கொப்பி திருத்துகிறேன்.

போன கிழமை முழுக்க மீன் குறைவு. வீட்டுக்குக் கறி இல்லை, பந்தலில் மட்டும் மீன். சிபானா பாணும் சம்பலும் தின்றுகொண்டு அதையே பார்த்தாள்.

இதை எப்படி நிறுத்துவது? உடனே எழுதுங்கள்.

இன்னொன்று. "மாப்பிள்ள ஆலங்குடா இப்ஹாம்தானே, நல்ல பொடியன்" என்றார் மீராசாஹிப் நானா. நீங்கள் சொன்ன பொய்க்குப் பெயரும் ஊரும்கூட இருக்கிறதா?

ஷிம்லா


புத்தளம்
08.12.2024

தங்கச்சிக்கு,

ஸலாம். பதில் பிந்திவிட்டது. காற்றும் மழையும், போட் ஓடவில்லை. உங்கள் பக்கம் கூரை ஏதும் போகவில்லை என்று மீராசாஹிப் நானா சொன்ன பிறகுதான் உம்மா தேத்தண்ணி குடித்தார். அல்ஹம்துலில்லாஹ்.

நல்ல செய்தி. அலுவலகத்துச் சேர் இடமாற்றத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். வருகிற தவணையிலிருந்து புத்தளம் டவுனில், பஸ்ஸில் கால் மணித்தியாலத்தில் பள்ளிக்கூடம். மாடிக் கட்டடம், ஆடு கிடையாது. எத்தனை தரம் படி ஏறினேன் என்று எனக்குத்தான் தெரியும். செருப்பே தேய்ந்துவிட்டது.

கருவாட்டைப் பற்றி யோசிக்காதே. ஊருக்கு வரும்போது நன்றி சொல்லிவிட்டு வா.

அடுத்தது, இப்ஹாம். மச்சானுடைய மாமி மகன். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிறார்களே, அங்கே ஆறு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். டவுனில் படிப்பிக்கிற டீச்சர் என்றால் விருப்பமாம். பார்த்தால் என்ன குறைந்துவிடும்? உன்னிடம் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். முதலில் சொன்னால் நீ துள்ளுவாய்.

கறுத்துப் போகவில்லையே?

ராத்தா


கண்டல்தீவு
14.12.2024

ராத்தா,

ஸலாம். துள்ளுகிறேன்.

குடை, சட்டை அளவு, முகம் தெளிவாக விழுந்த போட்டோ! நான் ஒரு மடைச்சி, கடைசி வரை விளங்கவில்லை. வலைக்குள் நின்றுகொண்டே வலை எங்கே என்று தேடியிருக்கிறேன்.

இடமாற்றத்தைக் கேட்டதும் குதிப்பேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடிதத்தை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். தோணிப் பெயரெல்லாம் முடிந்து, இப்போது சிபானா ஐஸ் பெட்டி, மா மூட்டை, கடலில் வந்து ஒதுங்குகிற போத்தல் என்று கண்ணில் படுவதையெல்லாம் கத்தி வாசிக்கிறாள். தலை இடிக்கிறது. "கொஞ்சம் வாய மூடுங்க" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது. நான் போனால் அடுத்த டீச்சர் எப்போது வருவார் என்று சேரிடம் கேட்டேன். முதல் தடவையாக அவர் "பாப்பம்" என்று சொல்லவில்லை. "வரமாட்டாங்க புள்ள. உங்களுக்கு முந்தி மூணு வருசம் ஒருத்தரும் வரல்ல" என்றார்.

ஏன் எல்லோரும் என்னை இப்படி இழுக்கிறீர்கள்? ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் கருவாடு.

தவணை முடிந்ததும் அலுவலகத்துக்கு நானே போகிறேன். நீங்கள் வரவேண்டாம்.

ஷிம்லா


கண்டல்தீவு
09.01.2025

அன்பின் ராத்தா,

ஸலாம். உம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், தேய்த்துவிடுங்கள். லீவில் வீட்டில் நின்ற இரண்டு நாளும் நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. கோப்பையைக்கூட உம்மாவிடம் கொடுத்துத்தான் எனக்குத் தந்தீர்கள். அதனால் அலுவலகத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

"கலியாணம் இல்ல சேர். என்ட ராத்தா என்னில உள்ள பாசத்துல சொன்ன பொய்" என்றேன். சேர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போகணும் எண்டு அழுறவங்களத்தான் இவ்வளவு காலம் கண்டீக்கிறன்" என்று சொல்லி இடமாற்றத்தை ரத்துச் செய்தார். நல்ல மனிதர். கோபப்படவில்லை.

வெளியே வந்து மர வாங்கில் இருந்து கண்ணைத் துடைத்தபோது, அங்கே தேத்தண்ணி கொடுக்கிற வயதான அம்மா என் கையைப் பிடித்தார். "நீங்க பஸீஹா டீச்சர்ட தங்கச்சியா? அவவும் இதே வாங்குல இருந்துதான் அழுதா. எவ்வளவு காலம் பெய்த்து" என்றார்.

பஸீஹா டீச்சர் என்று இந்த உலகத்தில் யாரும் உங்களைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள் கொஞ்ச நாள் வீட்டில் இல்லாதது மட்டும் ஞாபகம். மச்சானுடைய ஊருக்குப் போயிருக்கிறீர்கள் என்று உம்மா சொன்னார்.

தீவுக்கு வந்ததும் பெண்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். கருவாட்டைத் திருப்பி எடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஜுனைதா மாமிதான் கேட்டார். "டீச்சர் நிக்கிறீங்களா, போறீங்களா?"

"நிக்கிறன்" என்றேன்.

"அப்ப அது நிக்கிறதுக்கெண்டு வச்சிக்கங்க. குடுத்தத வாங்குற பழக்கம் எங்களுக்கில்ல."

ஒரு சாக்குக் கருவாடு ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கென்று மீராசாஹிப் நானாவின் போட்டில் ஏறிவிட்டது. ராத்தா, அந்தச் சாரிகள் யாருடையவை?

ஷிம்லா


கண்டல்தீவு
27.01.2025

ராத்தா,

ஸலாம். சுகமா? பதில் இல்லை. போட் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. கோபமென்றால் கோபமென்று எழுதுங்கள். நாளை தோணியில் ஏறி நின்று போன் எடுக்கப் போகிறேன். ஊரே பார்த்தாலும் பரவாயில்லை.

ஷிம்லா


புத்தளம்
12.02.2025

தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ போன் எடுத்தாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுதிருப்பேன். கத்துவது எனக்குப் பழக்கம், அழுவது பழக்கமில்லை.

முதலில் கருவாடு. ஒரு சாக்கு என்று எழுதினாய், வந்தது மூன்று. வீடு முழுக்க நாற்றம். பக்கத்து வீட்டுப் பூனைகளெல்லாம் எங்கள் மதிலில் குடியேறிவிட்டன. இப்ஹாமின் உம்மா கடைசியாகக் கதைக்க வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தார். அவர்கள் சிலாபத்தில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். டவுன் டீச்சராம். நல்லாயிருக்கட்டும்.

சாரி என்னுடையது. எனக்கும் நியமனம் கிடைத்தது, அநுராதபுரம் தாண்டி ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு. உன் மச்சானுக்குக் கட்டிக்கொடுத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகளுக்கு 'அ' தெரியாது. ட்ரக்டர்களில் எழுதியிருந்ததை வைத்துத்தான் படிப்பித்தேன். மாமியார் வீட்டில் திரும்பி வா என்றார்கள். இடமாற்றம் கேட்டு நான் தனியாக அந்த அலுவலகப் படி ஏறினேன். வாப்பாவுக்கு அப்போது சுகமில்லை. எனக்காக ஒருவரும் அலையவில்லை. விட்டுவிட்டேன். உடுத்தது இரண்டு சாரி, மற்றதெல்லாம் மடிப்புக்கூடக் குலையவில்லை. அன்றிலிருந்து அலுமாரியில் கிடந்தது.

அதனால்தான் உனக்காக அலைந்தேன். உனக்கும் அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். நீயோ வாங்கிக் கொடுத்த இடமாற்றத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாய். இவ்வளவு நாளும் உன்னில் கோபமா பொறாமையா என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டும்தான்.

சிபானா இப்போது என்ன வாசிக்கிறாள்?

ராத்தா


கண்டல்தீவு
15.02.2025

என் ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தைத் தோணியின் முதுகில் இருந்துதான் வாசித்தேன். அழுததை ஊரே பார்த்தது. "ஆரும் மௌத்தா டீச்சர்?" என்று கேட்டார்கள். "இல்ல, என்ட ராத்தாவும் டீச்சராம்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

சிபானாவிடம் வாசிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு என் பின்னால் திரிகிறாள். ஒன்றாம் தரத்துக்குப் புதிதாக நான்கு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அதுகள் என்னைக் கண்டாலே கத்துகின்றன. சேருடைய ஆடு குட்டி போட்டிருக்கிறது, அதுவும் வகுப்புக்குள்தான். என்னால் ஏலாது. தனியாக ஏலாது.

நோன்புக்கு முதல் ஒரு கிழமை வந்து நில்லுங்கள். சனிக்கிழமை போட் இருக்கிறது. வரும்போது கருவாட்டில் கொஞ்சம் கொண்டு வாருங்கள், எல்லா வீட்டுக்கும் கொடுத்துச் சாப்பிடலாம். எப்படியும் அது நிற்பதற்குத் தந்ததுதானே.

ஷிம்லா


புத்தளம்
19.02.2025

தங்கச்சிக்கு,

ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். சனிக்கிழமை வருகிறேன். மச்சானிடம் கேட்கவில்லை, சொன்னேன்.

கருவாடு கொண்டுவர முடியாது. உம்மா ஊரெல்லாம் பங்கு வைத்துவிட்டார், மிச்சத்தை நாங்கள் தின்றுவிட்டோம். பூனைகளும் மதிலை விட்டுப் போய்விட்டன.

அந்த நீலக்கரைச் சாரியை இனி நீ உடுக்காதே. தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்து வை. திங்கட்கிழமை எனக்கு வேண்டும்.

பஸீஹா டீச்சர்